உங்களுக்குத் தெரியுமா? 120 நாள் கழித்து வழிமறிக்கும் சர்வர்

விண்டோஸ் சர்வரை நிர்வகிக்க ஒரே நேரத்தில் 2 பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையத் தனி லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்ய வேண்டுமானால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸை நிறுவ வேண்டும். அது லைசென்ஸ் சர்வர் இல்லாமலேயே 120 நாள் ஓடும். ஆபத்தே அந்தச் சலுகையில்தான்! எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் லைசென்ஸ் வேலை மறந்தே போகும். கெடு முடிந்ததும், லைசென்ஸ் சர்வர் இல்லை என்று சொல்லி இணைப்பு அறுந்துவிடும். அப்போது ஃபயர்வாலைக் குடைந்து பயனில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பை 'அட்மின்' முறையில் திறந்தால் நிர்வாகி உள்ளே போகலாம். லைசென்ஸ் சர்வரின் பெயரையும், லைசென்ஸ் ஆளுக்கா கணினிக்கா என்பதையும் அங்கே பதிய வேண்டும்.

இணைப்பே கிடைக்காவிட்டால் கதை வேறு. பிங்குக்குப் பதில் வந்தால் மட்டும் போதாது, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2018 மே மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல இடங்களில் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும்போது 'கிரெட்எஸ்எஸ்பி' என்ற உள்நுழைவுச் சரிபார்ப்புப் பிழை வந்தது. காரணம், பயனரின் கணினி அப்டேட் ஆகியிருந்தது, சர்வர் ஆகவில்லை. பாதுகாப்பைத் தளர்த்தி உள்ளே போவது தற்காலிக வழி மட்டுமே. சர்வரையும் அப்டேட் செய்வதே சரியான தீர்வு.