கெமரா முன் நிற்கும் தொழிலாளிக்கு ஒரு மாலைப் பயிற்சி

2024 மே தினத்தையொட்டி, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என வர்த்தமானி வெளியானது. அதில் 1,350 அடிப்படைச் சம்பளம், 350 ஊக்குவிப்புக் கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் உறுதியானது 1,350 தான். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன 1,750இலும் 200 ரூபா அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு.

"சம்பளம் கூடிவிட்டதுதானே?" என்று ஊடகவியலாளர் கேட்கும்போது இந்தக் கணக்குத் தெரியாதவர், "ஒன்றும் கூடவில்லை" என்று விடுவார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்தே கம்பனித் தரப்பு முழுக் கோரிக்கையையும் தட்டிக்கழிக்கும்.

தொழிற்சங்கத் தலைவர்கள் கொழும்பில். யட்டவத்த போன்ற பிரதேசங்களில் கெமரா முன் நிற்பது சாதாரண அங்கத்தவர். அவரைத் தயார்படுத்த ஒரு மாலை போதும். சம்பளச் சீட்டைக் கையில் வைத்து, எத்தனை நாள் பேர் விழுந்தது, கொழுந்து குறைந்து எத்தனை நாள் அரைப் பேர், கழிவுகள் போக வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று அவர் வாயாலேயே சொல்லிப் பழகட்டும். இன்னொருவர் ஊடகவியலாளராக இருந்து குடைந்து கேட்கட்டும். தெரியாததை "சங்கத்திடம் கேளுங்கள்" என்பதில் வெட்கம் எதற்கு?

சிங்கள ஊடகங்கள் வந்தால் மொழிபெயர்ப்பில் தொகை மாறிவிடலாம். இரு மொழியும் சரளமாகப் பேசும் நம்மவர்கள் அங்கே கைகொடுக்கலாமே.

வேலை போகும் என்று பயந்து முகத்தைக் காட்ட விரும்பாதவர், அதைப் பதிவு தொடங்க முன்னரே சொல்ல வேண்டும். பேசி முடித்த பின் கேட்டால் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.