மூக்கைத் தூக்கும் முன் சுமையை அளக்க வேண்டும்

அமெரிக்காவில் புதிதாக வாங்கிய ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப் டிரக்கைப் பக்கவாட்டில் பார்த்தால், முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் நிற்பது தெரியும். வித்தியாசம் வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு அங்குலம் சாதாரணம். பலருக்கு அது கண்ணை உறுத்துகிறது. முன்பக்கத்தை உயர்த்தி மட்டமாக்க ‘லெவலிங் கிட்’ வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சாய்வு தயாரிப்பில் நேர்ந்த பிசகு அல்ல. பாரத்துக்காகவே விட்டுவைத்த இடம். பின்னால் சரக்கு ஏற்றினாலோ டிரெய்லரை மாட்டினாலோ ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, வண்டி தானாக மட்டத்துக்கு வரும். அதனால் எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்பதைக் காலி வண்டியை வைத்து முடிவு செய்யக் கூடாது. வழக்கமான சுமையை ஏற்றி, சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்னும் பின்னும் டேப் பிடித்து அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஹெட்லைட்டைக் கவனியுங்கள். நான்கு கதவு எஃப்-150-இல் முன், பின் சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 145 அங்குலம். முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் தூக்கினால் வண்டி முக்கால் டிகிரிக்குச் சற்று மேலாக நிமிர்கிறது. விளக்கும் கூடவே நிமிர்வதால், 100 அடி தள்ளி ஒளி விழும் இடம் ஒன்றரை அடி உயர்ந்துவிடும். முன்பு சாலையில் விழுந்த வெளிச்சம் இப்போது எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. இதோடு பின்னால் சுமையும் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். மூக்கு அண்ணாந்து வால் தாழ்ந்த வண்டிகளின் தொல்லை பொறுக்காமல்தான், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி மாற்றுவதை வட கரோலினா 2021 டிசம்பர் முதல் தடை செய்தது. லெவலிங் கிட் அந்த அளவுக்குப் போவதில்லை. என்றாலும் அது நகர்த்துவது அதே திசையில்தான்.

கிட்டுகளில் மிக மலிவானது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் உலோகத் துண்டு. சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் ஸ்ட்ரட் பிடித்திருப்பதால், ஓர் அங்குலத் துண்டு வண்டியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்த்தும். ஸ்பிரிங் மாறாததால் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஆர்ம் முன்பைவிடக் கீழே இறங்கும். பால் ஜாயின்டும், நான்கு சக்கர இழுவை வண்டியில் ஆக்சில் மூட்டும் அளவுக்கு மீறி மடங்கித் தேயும். பில்ஸ்டீன் 5100 போன்ற, ஸ்பிரிங் உட்காரும் இடத்தை மேலே ஏற்றிவைக்கும் ஷாக் அப்சார்பர்கள் விலை கூடுதல். அவற்றில் சக்கரம் தொங்கக் கிடைக்கும் இடம் கொஞ்சம் குறையும்; மூட்டுகளோ தப்பிக்கும். அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை என்பது என் கருத்து. எதை மாட்டினாலும் அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ஹெட்லைட்டைத் தாழ்த்தி அமைக்க வேண்டும். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

பின்பக்கம் தாழ்ந்தால் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை வைத்துக்கொள்ளலாமே என்பது டிரெய்லர் இழுப்பவர்களின் வாதம். உண்மைதான், காற்றுப்பை உயரத்தைத் திருப்பித் தரும். கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சுமை வரம்பை அது ஒரு பவுண்டுகூடக் கூட்டாது. பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் ஏற்றலாம் என்று தோன்றுவதுதான் அதிலுள்ள ஆபத்து. வாரந்தோறும் டிரெய்லர் இழுப்பவர் சாய்வை அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஆண்டு முழுக்கக் காலியாக ஓட்டி, சற்றுப் பெரிய டயர் உரசாமல் திரும்ப வேண்டும் என்று மட்டும் விரும்புபவருக்கு லெவலிங் நியாயமான ஆசை. இரண்டு அங்குலச் சாய்வுள்ள வண்டியில் அவர் ஒன்றரை அங்குலம் உயர்த்தி நிறுத்திக்கொண்டால், எப்போதாவது ஏற்றும் சுமைக்கு அரை அங்குலம் மிச்சம் இருக்கும்.