கூரை போடும் முன் ஒரு கேள்வி

வீட்டின் பின்புறம் மழைச்சாரல் அடிக்கிறது. “நாலு ஸிங்க் தகடு போட்டால் போதும்” என்கிறார் அப்பா. குத்தகையாளர் முன்பணம் கேட்கிறார். இந்த நேரத்தில் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெர்மிட் எடுத்தாயிற்றா?

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன் 70ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக்கூடாது. சுவர்களுக்கு இடையே உள்ள திறந்தவெளியைக் கூரையால் மூடுவதும் கட்டடம் எழுப்புவதாகவே கருதப்படும். “எங்கள் சொந்த நிலம்தானே” என்று சொல்லித் தப்ப முடியாது.

காரணம் உண்டு. வரிசை வீடுகளில் நடுச்சுவர் இரு வீட்டுக்கும் பொது. கூரையின் பாரம் அதன்மேல் இறங்கலாம். மழைநீர் பக்கத்து வீட்டில் கொட்டலாம். தீப்பிடித்தால் பின்பக்கம் தப்பிக்கும் வழியும் அடைபடலாம்.

உடைந்த ஓடுகளை மாற்றுவது போன்ற சிறு பழுதுகளுக்கு நடைமுறை மன்றத்துக்கு மன்றம் மாறும். எனவே முதலில் உங்கள் மன்றத்தில் விசாரியுங்கள். வரைபடம், வீட்டு உரிமை ஆவணம், மதிப்பீட்டு வரி ரசீது ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். மலாய் மொழிப் பாரங்களைப் பூர்த்தி செய்ய நீங்கள் பெற்றோருக்கு உதவலாம்.

கூரையை உடைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அது வீட்டு உரிமையாளருக்குத்தான் வரும். குத்தகையாளர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். ஆகவே, பெர்மிட்டைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.