பெயர் தெரியும், விலாசம் தெரியாது!

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் எங்கள் வீட்டுக் கணினியில் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பையன், "ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும் அங்கிள்" என்றான். காலமான என் அம்மாவின் குரல் பதிவுகள் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. "இன்னிக்கு வேண்டாம்ப்பா" என்று அவனை அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். அன்று கற்றுக்கொண்டதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊரிலிருந்து ஒருவர் மும்பைக்கு வருகிறார். உறவினர் பெயர் தெரியும், விலாசம் தெரியாது. சொல்ல ஆளில்லையென்றால் ஸ்டேஷனிலேயே நிற்க வேண்டியதுதான். இணையமும் அப்படித்தான். நாம் தட்டுவது பெயர். கணினிக்கு வேண்டியதோ எண். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாடுதான் டி.என்.எஸ். முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. வலை பெருகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இன்றைய முறையை வகுத்தார்.

இனி சோதனை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வை-ஃபையில் கைபேசியைப் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் இணைப்புக் கம்பெனியைக் கேளுங்கள்.

கைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லையா? விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'பிங் 8.8.8.8' என்று தட்டுங்கள். பதில் வந்தால் சாலை சரி. அடுத்து, எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுங்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் விலாசம் சொல்பவரிடம்தான் கோளாறு. 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று தட்டினால், கணினி ஞாபகம் வைத்திருக்கும் பழைய விலாசங்கள் அழியும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

என் கணினி அதற்கும் மசியவில்லை. நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால், பழைய இணைப்புக் கம்பெனியின் டி.என்.எஸ். எண் அங்கே உட்கார்ந்திருந்தது! அந்த வாரம்தான் கம்பெனியை மாற்றியிருந்தோம். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினேன். உடனே வலைத்தளம் திறந்தது. வேண்டுமானால் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டில் ஒன்றையும் போடலாம்.

யாரோ சொன்ன எண்ணை மட்டும் போட்டுவிடாதீர்கள். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற வைரஸ் இந்த எண்ணைத்தான் ரகசியமாக மாற்றியது. 2011-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலை முடக்கியது. விலாசம் சொல்பவர் திருடனானால், வங்கிக்குப் போக நினைப்பவர் திருடன் வீட்டு வாசலில் நிற்பார். உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.

அன்றிரவே அம்மாவின் குரலைப் பென் டிரைவில் நகல் எடுத்தேன். 'ஃபார்மேட்' என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். முதலில் விலாசத்தை விசாரியுங்கள்.