இது வேற ஜி.எஸ்.டி., சார்!

ஐம்பதைத் தாண்டிய ஆண்களே, ஒரு நிமிஷம்! (வீட்டு அம்மணிகளும்தான். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப்போவது நீங்கள்தானே!)

ப்ராஸ்டேட். சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் சைஸில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. இதில் வருகிற கான்சருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? விஞ்ஞானிகள் பல வருஷங்களாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் கேள்வி இது.

சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் ஜப்பான்காரர்கள். சொந்த ஊரில் இருந்தவரை இந்த நோய் அவர்களை அதிகம் சீண்டவில்லை. பிழைப்புக்காக ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடிபோனவர்களிடம் கூடியது. ரத்தம் அதேதான். மாறியது ஊர், வாழ்க்கை... அப்புறம், சாப்பாட்டுத் தட்டு!

சரி, தட்டில் விழுவது செல்லுக்குள் போய் என்ன செய்கிறது?

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நம் செல்களுக்குள் ஜி.எஸ்.டி.பி.1 என்று ஒரு ஜீன் உண்டு. உடனே பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்! இந்த ஜி.எஸ்.டி. வசூல் பண்ணாது, காவல் காக்கும். உள்ளே வரும் விஷப் பொருட்களை அடக்குகிற என்ஸைமைத் தயாரிப்பது இதன் டியூட்டி.

ப்ராஸ்டேட் கான்சர் செல்களில் இந்த வாச்மேன் வேலை செய்வதில்லை என்று 1994-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு பார்த்தால், பத்துக்கு ஒன்பது கட்டிகளில் இதே கதை. வேடிக்கை என்னவென்றால், ஜீனில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. 'மீதைல்' என்கிற குட்டி ரசாயனங்கள் அதன் முகப்பில் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. லெட்ஜரில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பக்கங்களை யாரோ பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பிரிக்க முடியாத கணக்கு இருந்தென்ன, போயென்ன?

வாச்மேன் இல்லாத வீட்டில் யார் நுழைவார்கள்? கறியைத் தீயில் கருகக் கருக வாட்டும்போது 'ஃபிப்' என்றொரு ரசாயனம் பிறக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது ப்ராஸ்டேட் கான்சர் வந்தது. இந்த ஆசாமியை அடக்குகிறவர்களில் நம்ம ஜி.எஸ்.டி.யும் ஒருவர். ஆனால் எலி வேறு, நாம் வேறு. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மறுபக்கம், ப்ராக்கோலியில் உள்ள சல்ஃபோரஃபேன். உடம்பின் காவல் என்ஸைம்களை இது உசுப்பிவிடும் என்று அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1992-ல் சொன்னார்கள். முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் ப்ராக்கோலியின் பங்காளிகள்தான்.

"இவ்வளவு எதுக்குடா? ஒரு மாத்திரை பேரைச் சொல்லு, வாங்கிப் போட்டுக்கறேன்" என்றார் என் சித்தப்பா.

அங்கேதான் ஆபத்து!

2001-ல் அமெரிக்கா, கனடா, புயர்ட்டோ ரிக்கோவில் 35,000-க்கும் அதிகமான ஆண்களைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை ஆரம்பித்தார்கள். சிலருக்கு வைட்டமின் இ, சிலருக்கு செலினியம், சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. பலன் இல்லை என்று 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-ல் திரும்பக் கணக்குப் பார்த்தால் தூக்கிவாரிப் போட்டது. வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் கான்சர் 17 சதவிகிதம் அதிகம்! வரவு என்று எழுதியது பற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, நோய் வந்த பிறகு காய்கறியாவது கைகொடுக்குமா? ஆரம்பக் கட்டக் கான்சர் உள்ள 478 பேரில் பாதிப் பேரை நிறைய காய்கறி சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் ரிசல்ட் வந்தது. இரண்டு வருஷத்தில் நோயின் வேகம் குறையவில்லை.

அதனால் காய்கறியை ஒதுக்கிவிடாதீர்கள். அது நல்ல சாப்பாடு. மருந்து இல்லை, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் ஒட்டிய பக்கங்களை ஒரு டப்பா மாத்திரை பிரித்துவிடாது.

சிறுநீர் தடைப்படுகிறதா? ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வயசுக்கு வரும் சாதாரண வீக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். சிறுநீரில் ரத்தம் வந்தால் தாமதமே கூடாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்ததென்றால், தொந்தரவே இல்லாவிட்டாலும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள். மாத்திரை டப்பாவுக்கு எடுத்து வைத்த பணம் டாக்டர் ஃபீஸுக்கு உதவும்.

கூச்சமா? அதை மட்டும் தள்ளுபடி பண்ணிவிடுங்கள், சார்!