பொதுச்சொத்து என்கிற சொல்: லூவர் பற்றிச் சில குறிப்புகள்

பாரிஸ் போய்த் திரும்பியவர்கள் மோனாலிசாவைப் பார்த்த கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. சின்னப் படம், கண்ணாடிக்குப் பின்னால், முன்னே நெரிசல், அவ்வளவுதான். லூவரின் அந்த அறையில் நானும் நின்றேன். ஆனால் அத்தனை கூட்டமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற எதிர்ச்சுவரைப் பற்றித்தான் இங்கே பேசணும். அங்கே வெரோனீஸின் 'கானாவூர்க் கலியாணம்' தொங்குகிறது. கிட்டத்தட்ட 70 சதுர மீட்டர். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கென்றே வரைந்து 1563இல் முடிக்கப்பட்டது. துறவிகள் உண்ணுகிற கூடத்தில் அவர்கள் கண்ணெதிரே ஆடம்பரமான ஒரு கலியாண விருந்து. அந்தக் கூடத்தை விட்டுப் பிரித்ததுமே படத்தின் பாதி அர்த்தம் காணாமல் போய்விடுகிறது.

1797இல் நெப்போலியனின் படை அதை இறக்கி எடுத்துவந்தது. 1815இல் அவர் வீழ்ந்தபோது வெனிஸின் வெண்கலக் குதிரைகள் திரும்பிப் போயின. இந்தப் படம் போகவில்லை. பயணத்தைத் தாங்காது என்று சொல்லி, பதிலுக்கு லெ ப்ரனின் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். வரும்போது தாங்கியது போகும்போது தாங்காதாம். வேடிக்கை என்னவென்றால் மோனாலிசா கொள்ளையடிக்கப்பட்ட படமே இல்லை. லியனார்டோவே பிரான்சுக்குக் கொண்டுவந்தது, பிறகு மன்னர் முதலாம் பிரான்சுவாவிடம் சேர்ந்தது. 1911இல் அதைத் திருடிய இத்தாலியத் தொழிலாளி பெருஜ்ஜா, நெப்போலியன் கொண்டுபோனதை மீட்டுக் கொடுத்ததாகத்தான் பிடிபட்டபோது சொன்னான். அவன் எடுத்தது தப்பான படத்தை.

இதை வைத்து 'திருட்டுப் பயல்களின் மியூசியம்' என்று முடித்துக்கொள்வது சுலபம். விஷயம் அதைவிடச் சிக்கலானது. 1793 ஆகஸ்ட் 10, முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாளில், ராஜாவின் அரண்மனை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேற்றுவரை அரசனும் அவன் விருந்தினர்களும் பார்த்ததைக் கைவினைஞன் போய் நின்று பார்க்க முடிந்தது. இது சாதாரணக் காரியம் இல்லை. குடிமகன் என்கிற புதிய தன்னிலையை உற்பத்தி செய்த இடங்களில் லூவரும் ஒன்று. ஆனால் இந்தச் சொல்லாடலுக்குள்ளேயே கொள்ளைக்கான நியாயமும் இருந்தது. கலை சுதந்திரத்தின் குழந்தை, சுதந்திர மக்கள் வாழ்கிற இடமே அதன் தாய்வீடு, ஆகவே கொடுங்கோலர்களிடமிருந்து அதை 'விடுதலை' செய்து பாரிஸுக்குக் கொண்டுவரலாம் என்று தர்க்கம் ஓடியது. 1794இலேயே ஆண்ட்வெர்ப்பிலிருந்து ரூபன்ஸின் படங்கள் வந்திறங்கிவிட்டன. காத்ரமேர் த கேன்சி என்ற பிரெஞ்சுக்காரர் 1796இலேயே இதை எதிர்த்து எழுதினார். ரோமின் மியூசியம் என்பது சிலைகள் மட்டுமில்லை. அதன் மலைகளும் சாலைகளும் வெளிச்சமும் சேர்ந்ததுதான் என்பது அவர் வாதம். அவர் அரசியலில் முடியாட்சியின் ஆள் என்பதையும் சேர்த்தே யோசிக்கணும்.

அடுத்து சட்டம். மன்னரின் உடைமைகளைக் கைமாற்ற முடியாது என்றது 1566ஆம் ஆண்டு அரசாணை ஒன்று. ஊதாரி ராஜாக்களிடமிருந்து கஜானாவைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. 1790இல் புரட்சி அந்த உடைமைகளைத் தேசத்துடையது ஆக்கியது. தேசம் தன் பிரதிநிதிகள் வழியாக விரும்பினால் கைமாற்றலாம் என்றும் சொன்னது. காலப்போக்கில் இந்த இரண்டாவது பாதி மங்கிப்போய், ராஜா காலத்துப் பூட்டே குடியரசின் பூட்டாகிவிட்டது. 2002ஆம் ஆண்டின் மியூசியச் சட்டம், பொதுச் சேகரிப்புகள் கைமாற்ற முடியாதவை என்பதை மறுபடி உறுதிசெய்தது.

யார் மேல் இந்தப் பூட்டு விழுந்தது? 1892இல் தாஹோமி மேல் படையெடுத்த பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனைகளிலிருந்து சிம்மாசனங்கள், செதுக்கிய கதவுகள், மன்னர்களின் சிலைகள் என்று அள்ளிக்கொண்டு வந்தது. பாதி மனிதன், பாதி சுறா வடிவிலான பெஹான்சின் மன்னரின் சிலை அதில் ஒன்று. 2016இல் பெனின் நாடு கேட்டபோது வந்த பதில், இவை பிரான்சின் பொதுச்சொத்து, கைமாற்ற முடியாது என்பதுதான். 'பொது' என்கிற சொல்லின் எல்லை எது என்பது இங்கே பட்டவர்த்தனமாகிவிடுகிறது. அரசனுக்கு எதிராகத் திறந்த சொல், காலனிக்கு எதிராகக் கதவைச் சாத்துகிறது. 2018இல் ஃபெல்வின் சாரும் பெனடிக்ட் சவ்வாவும் அளித்த அறிக்கையின்படி சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவின் பொருட்கள் சுமார் 70,000 கே ப்ரான்லி மியூசியத்தில் மட்டும் உள்ளன. 2020 டிசம்பரில் தனிச்சட்டம் போட்டு, 2021 நவம்பரில் பெனினுக்குத் திரும்பியவை 26.

நம்மவர்கள் கிமே மியூசியத்துக்குப் போய்ச் சோழர் காலத்து நடராசர் முன்னால் நின்று பூரித்துப்போகிறார்கள். பூரிக்கட்டும். மாலையும் தீபமும் வீதியுலாவும் கழிந்து அது வெறும் 'சிற்பம்' ஆனதற்கும், சாப்பாட்டுக் கூடத்தைவிட்டு வந்த வெரோனீஸ் வெறும் 'ஓவியம்' ஆனதற்கும் பின்னால் வேலை செய்வது ஒரே பார்வைதான். லாச்சப்பல் பக்கம் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுகிற ஈழத்துப் பையன்கள் இந்த இடங்களுக்கெல்லாம் வருகிறார்களா என்பது இன்னொரு கேள்வி.

2026 ஜனவரி 14 முதல், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவர் நுழைவுச்சீட்டு 22 யூரோவிலிருந்து 32 யூரோ ஆகிவிட்டது. வெனிஸ்காரர் கானாவூர்க் கலியாணத்தைப் பழைய விலைக்கே பார்த்துக்கொள்ளலாம். கெய்ரோவிலிருந்து வருகிறவர் எகிப்துப் பிரிவைப் பார்க்க 10 யூரோ கூடக் கொடுக்கணும்.