ஆடியில் தேனீக்கும் பசிக்கும்!

கத்திரி வெயில் ஓய்ந்து, ஆனிக் காற்று கொல்லைப்புறத்துச் சருகையெல்லாம் வாசலுக்கு வாரிக்கொண்டு வரும் சமயம். என் தோட்டத்தை எட்டிப் பார்த்த எதிர்வீட்டு மாமி கேட்டார்: "ஏண்டி, பரங்கிக்கொடி வேலி முழுக்கப் படர்ந்து கிடக்கு. ஒரு காயைக்கூடக் காணலியே! திருஷ்டிதான். ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்க விடு."

கட்டினேன். ஆனாலும் பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்து, மஞ்சளாகி, வெம்பி உதிர்வது மட்டும் நிற்கவில்லை. எரு போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். ஊஹும்!

அந்தச் சமயத்தில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். காலை ஆறரை மணிக்குக் காப்பித் தம்ளரோடு வேலியோரம் நின்றவர், "பூ எல்லாம் விரிஞ்சு நிக்குது. ஒரு தேனீகூட இல்லியே மக்களே, பின்ன எப்படிக் காய்க்கும்?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான், சகோதரிகளே! பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்; ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்களே, அவை உதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். பெண் பூ விடியற்காலையில் விரிந்து உச்சி வெயிலுக்கு முன் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தம் அங்கே போய்ச் சேராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும். நாமே செய்யலாம்: ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். காலை ஏழு மணிக்கு, இட்லி அடுப்பில் இருக்கும்போது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரிப்பன் தேடும்போது, இதற்கு யாருக்கு நேரம்?

(சுரை, பீர்க்கு, புடலை இவற்றின் பூக்கள் மாலையில் விரிபவை. அவற்றுக்கு அந்திப் பூச்சிகள்தான் கதி. வராவிட்டால் விளக்கு வைக்கிற நேரத்தில் நம் கையே உதவி. பரங்கிக்கும் பாகலுக்கும் வெள்ளரிக்கும்தான் தேனீ பெரிய உபகாரி.)

அண்ணன் ஒரு தேனீப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ராத்திரியில், தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு, வாசலை அடைத்து எடுத்து வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இது பழக்கம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் சிறு குடித்தனக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. நம் ஊர்த் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்தவர் அதற்கும் முன்னால் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார். 'நியூட்டன் பெட்டி' என்றே இன்றைக்கும் பெயர். அடி அறையில் ஏழு சட்டங்கள். அதில் ராணி முட்டையிடும், புழுக்கள் வளரும். மேல் அறையில் தேன். நாம் கை வைக்க வேண்டியது மேல் அறையில் மட்டுமே.

அந்த வருஷம் பரங்கி காய்த்தது பாருங்கள், தெருவுக்கே விநியோகம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வைகாசிக் கடைசியில் பெட்டியைத் திறந்து, ஒரு சொட்டு விடாமல் தேனை எடுத்துவிட்டேன். அடி அறையிலிருந்த தேனையும் விடவில்லை. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆடி பிறந்தது. ஒருநாள் பெட்டியருகே சத்தமே இல்லை. திறந்தால் உள்ளே ஒரு தேனீகூட இல்லை. அடைகளில் எறும்பு, மூலையில் மெழுகுப் பூச்சி பின்னிய நூலாம்படை. குடியே கிளம்பிப் போய்விட்டது! அம்மாவிடம் சொல்லி அழுதேன். "தேனை எல்லாம் எடுத்துட்டியே, அதுக்குத் திங்க என்ன வச்சே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

எங்கள் ஊரில் தை மாசி பங்குனியில் ரப்பர் மரம் துளிர்க்கும்போது தளிர்க் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். அதுதான் தேன் காலம். சித்திரையோடு சரி. மற்ற ஊர்களிலும் வேம்பும் புங்கமும் பூத்து ஓய்ந்து, புளியம்பூவும் உதிர்ந்துவிட்டால் பிறகு பஞ்சம்தான். காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில் வெளியே போகவும் முடியாது. நம் நாட்டுத் தேனீ ரோஷக்காரி! சாப்பாடு இல்லை, எறும்புத் தொல்லை என்றால் பெட்டியை உதறிவிட்டுப் போய்விடும்.

இப்போது என் வழக்கம் இது. ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு கொதித்த நீர். கரைத்து நன்றாக ஆற விடுகிறேன். ஒரு கொட்டாங்கச்சியில் (அம்மா ஊரில் சிரட்டை) ஊற்றி, தேனீ வழுக்கி விழாமல் உட்கார நாலு ஈர்க்குச்சிகளைப் போட்டு, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வைக்கிறேன். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துக் கூட்டுத் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். வெல்லமும் கருப்பட்டியும் கூடாது, தேனீக்கு வயிறு கெடும். கடைத் தேனும் வேண்டாம். அதோடு நோய் வரலாம். 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து புழுக்களை எல்லாம் அழித்து, எங்கள் மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலி செய்ததை அம்மா இன்னும் மறக்கவில்லை. பூக்காலம் வந்ததும் கரைசலை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுப்பது தேனாக இராது, உங்கள் சர்க்கரையேதான்!

பெட்டி நிழலில் இருக்கட்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் எதிரே வாசல் வேண்டாம். தாங்கியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. ஆடியில் பாகல், வெள்ளரி விதைக்கும்போதே ஓரத்தில் நாலு துளசியை வைத்து, கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். செடிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதானாலும் மாலையில்தான். பூ விரிந்த வேளையில் எந்த மருந்தும் கூடாது.

கொட்டாதா என்று கேட்பீர்கள். கொட்டும்! உடனே நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுங்கள். சுண்ணாம்பைத் தேடி ஓடுவதைவிட இதுதான் முக்கியம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்தால் போதும். ஆனால் உடம்பெல்லாம் தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிஷம் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால் பெட்டியே வேண்டாம்.

இன்னொன்று. இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தபோது, "நம்ம வீட்டுத் தேன், சுத்தமானது, நாக்குல ஒரு சொட்டு வைக்கலாம்" என்று மாமியார் கிண்ணத்தோடு வந்துவிட்டார். வழிவழியாக வந்த ஆசை, தடுப்பது சங்கடம்தான். "அத்தை, ஒரு வருஷம் போகட்டும்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலோ முளைத்து விஷத்தைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிப்பதில் சோர்வு, அழுகுரல் மெலிவது, கைகால் துவள்வது, மூச்சுக்கே ஆபத்து. தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஆகவே முதல் பிறந்தநாள் வரை நாக்கில் தடவவும் வேண்டாம், மருந்தைக் குழைத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

அத்தைக்கு அன்றைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மறுநாள் அவரே தன் கையால் ஒரு சொட்டு வைத்தார். இப்போது ஆடி மாதம் விளக்கேற்றியதும், "இன்னிக்குக் கொட்டாங்கச்சி வச்சாச்சா?" என்று கேட்பவரும் அவர்தான். எதிர்வீட்டு மாமிக்கு நேற்று ஒரு பரங்கிக்காய் கொடுத்தனுப்பினேன். "பார்த்தியா, செருப்பு வேலை செஞ்சிருக்கு!" என்றாராம்.